போகிற வழியில் இண்டர்வியூ

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துளசிராம் அதற்கு முன்பே வந்து, மதுரை மேலவெளி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த பம்ப்செட் கடையின் வாசலில் சைக்கிளைப் பூட்டி வைத்தான். பி.காம். முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தாயிற்று. வில்லாபுரத்தில் அவனுடைய அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். மகன் ஒருவனாவது கை கறைபடாமல் சம்பாதிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கணக்கு எழுத ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்து அவர்தான் விண்ணப்பம் போடச் சொன்னார். பதில் வந்த நாளிலிருந்து துளசிராம் தேய்மானக் கணக்கையும் ஐந்தொகையையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் திரும்பப் படித்திருந்தான்.

கடையில் இவனைப்போல் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மேனேஜர் வரவில்லை. மோட்டார்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டால், இந்தா வந்துருவாரு என்று சொன்னார். பதினொரு மணிக்கும் அதையே சொன்னார். வந்தவர்களில் ஒருவன், வேலையை எப்போதோ யாருக்காவது கொடுத்திருப்பார்கள், இது வெறும் கண்துடைப்பு என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினான். அவன் போனதும் மற்றவர்களுக்கும் உட்கார முடியவில்லை. கடைசியில் துளசிராம் மட்டும் மிஞ்சினான். யார் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே இப்படிக் காக்க வைக்கிறார்களோ என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது.

உச்சி வெயிலில் ஒரு ஜீப் வந்து நின்றது. வெற்றிலையை மென்றுகொண்டே இறங்கியவர்தான் மேனேஜர் சுந்தரமகாலிங்கம். துளசிராமைப் பார்த்து, பில் போடணுமா என்று கேட்டார். இண்டர்வியூவுக்கு வந்திருப்பதாகச் சொன்னான்.

"இன்னைக்கா?" என்றார் அவர்.

தேதி போட்டுக் கையெழுத்திட்டு அவரே அனுப்பிய கார்டு துளசிராமின் பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டுவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டான்.

கரண்ட் இல்லை. மேனேஜர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, துளசிராமின் சர்டிபிகேட் ஃபைலைக் கை நீட்டி வாங்கினார். திறந்து பார்க்கப் போகிறார் என்று இவன் நிமிர்ந்து நின்றான். அவர் அதை மடக்கிப் பிடித்து விசிறிக்கொள்ளத் தொடங்கினார். உள்ளே அசல் டிகிரி சர்டிபிகேட் இருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அது மடங்குகிற சத்தம் துளசிராமுக்குக் கேட்டது.

எந்த ஊர் என்று கேட்டார். வில்லாபுரம் என்றதும், சௌராஷ்டிராவா என்று முகம் மலர்ந்தார். கொழுந்தியாள் கல்யாணம் வருகிறது, சுங்குடிச் சேலை கொஞ்சம் மொத்தமாக வேண்டும், பட்டறை விலைக்கு வாங்கித் தர முடியுமா என்று விசாரித்தார். அப்பா நூலுக்கு மட்டும்தான் சாயம் போடுகிறார், சேலை வேறு ஆட்கள் செய்வது என்று துளசிராம் சொன்னான். அவர் முகம் சுருங்கிவிட்டது. கேட்ட முதல் கேள்விக்கே தப்பாகப் பதில் சொல்லிவிட்டோமோ என்று இவனுக்குப் பயம் வந்தது.

அப்போது டெலிபோன் அடித்தது. மேனேஜர் எடுத்து, வாரேன், வாரேன், இன்னைக்கே வாரேன்னு சொல்றேன்ல என்று கத்திவிட்டு வைத்தார். சற்று யோசித்தார். பிறகு துளசிராமை மேலும் கீழும் பார்த்தார். அன்று அவரிடமிருந்து அவனுக்குக் கிடைத்த முழுப் பார்வை அது ஒன்றுதான். வெள்ளைச் சட்டை, தேய்த்த பேண்ட், பாலிஷ் போட்ட செருப்பு.

"வாங்க தம்பி. வாடிப்பட்டி வரைக்கும் ஒரு சோலி இருக்கு. போற வழியிலயே இண்டர்வியூவ முடிச்சிருவோம்."

ஜீப்பை அவரே ஓட்டினார். ஃபைலை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். ஊரைத் தாண்டும் வரை அவருடைய மைத்துனன் போட்ட வரப்பு வழக்கைப் பற்றிச் சொன்னார். அதன்பின் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்ததையும், அதை டாக்டர்கள் கரைக்கத் தெரியாமல் விழித்ததையும், வாழைத்தண்டுச் சாறு குடித்து அவரே கரைத்ததையும் சொன்னார். சமயநல்லூரில் ஒரு வீட்டு முன்னால் நிறுத்தி, இந்தா வந்துர்றேன் என்று உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஏப்பம் விட்டுக்கொண்டு, கையில் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். அதை ஃபைலின் மேலேயே வைத்தார். காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு வந்தவன் துளசிராம். குழம்பு வாசனை அவனை என்னவோ செய்தது.

ஜீப் மறுபடி ரோட்டில் ஏறியதும் மேனேஜருக்கு நினைவு வந்துவிட்டது.

"டெபிட்னா என்ன, கிரெடிட்னா என்ன? சொல்லுங்க பாப்போம்."

துளசிராம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, பெறுபவர் கணக்கில் பற்று வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். எதிரே வந்த லாரி வழிவிடவில்லை. மேனேஜர் ஹாரனை அழுத்திப் பிடித்து, தலையை வெளியே நீட்டி, லாரிக்காரனின் குடும்பம் முழுவதையும் திட்டி முடித்தார். பிறகு அந்த ஆத்திரத்திலேயே ரோட்டு வரியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். துளசிராம் பாதிப் பதிலை வாயில் வைத்துக்கொண்டு வாடிப்பட்டி வரை போனான்.

ஊருக்கு வெளியே, சிறுமலை நன்றாகத் தெரிகிற பக்கமாக ஒரு வண்டிப் பாதையில் ஜீப் இறங்கியது. அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை ஏமாற்றியிருந்தது. கிணற்றை நம்பி நின்ற ஒரு வயல் மட்டும் பச்சையாக இருந்தது. அதுவும் தண்ணீரில்லாமல் ஓரங்களில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பம்ப் ரூம் வாசலில் ஒரு அம்மாவும், அவருக்குப் பக்கத்தில் தோளில் துண்டு போட்ட கனத்த ஆள் ஒருவரும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவின் பெயர் அன்னக்கொடி. நிலம் அவருடையது. கூட நின்றது அவருடைய தம்பி விருமாண்டி. ஐப்பசியில் வாங்கிய மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது, டெலிபோன் போட்டது அவர்கள்தான் என்பது அவர்கள் பேசிய பேச்சிலிருந்து துளசிராமுக்கு விளங்கியது.

மேனேஜர் அவர்களை முழுசாகப் பேசவிடவில்லை.

"கோயமுத்தூர்ல இருந்து கம்பெனி இஞ்சினியரையே கையோட கூட்டியாந்துட்டேன். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

துளசிராம் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அக்காவும் தம்பியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருமாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

சார், என்று துளசிராம் வாயெடுத்தான். மேனேஜர் அவன் தோளில் கை போட்டுக் கிணற்றைப் பார்ப்பதுபோல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனார். "சும்மா நில்லுங்க தம்பி. இதுவும் இண்டர்வியூதான்" என்று மெல்லிய குரலில் சொன்னார்.

அந்த ஒரு சொல்லில் துளசிராம் கட்டுண்டு போனான். காலையிலிருந்து அவனே நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். காக்க வைத்தது, ஃபைலை விசிறியாக்கியது, பசியோடு ஜீப்பில் உட்கார வைத்தது எல்லாமே ஒரு சோதனையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மனிதர் எதற்காக இப்படியெல்லாம் நடந்துகொள்ளப் போகிறார்? அவன் வாயை மூடிக்கொண்டான்.

மேனேஜர் திரும்பிப் போய், மோட்டாருக்குள்ளே காயில் கம்பி கருகிப் போயிருக்கிறது, புதுசு திண்டுக்கல்லில் கிடைக்கும், ஒரு எட்டுப் போய் வாங்கி வந்துவிடுகிறேன் என்றார். விருமாண்டி ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றார். போன தடவையும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போனதாக ஞாபகப்படுத்தினார். அதனால்தானே இஞ்சினியரை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன், அவரை விட்டுவிட்டு நான் எங்கே போய்விடுவேன் என்றார் மேனேஜர். விருமாண்டி விலகினார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் ரோட்டில் ஏறியது. ஃபைல் அதற்குள் இருக்கிறது என்பது துளசிராமுக்கு அப்போதுதான் உறைத்தது.

நிழலில் கட்டில் போட்டு உட்காரச் சொன்னார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.  சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுவார்களே என்று எழுந்து பம்ப் ரூமுக்குள் போனான். கரிந்த நாற்றம் இன்னும் இருந்தது. மோட்டாரை ஒரு தடவை சுற்றி வந்து தொட்டுப் பார்த்தான். அவன் வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால் கூட எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவார்கள். என்ன சாமான் வேண்டும் சார் என்று விருமாண்டி பின்னால் வந்து கேட்டார். அவனுக்குத் தெரிந்த ஒரே சாமானின் பெயரைச் சொன்னான். ஸ்பேனர். அவர் எங்கேயோ தேடி சைக்கிளுக்குப் போடுகிற ஸ்பேனர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவரும் நின்றார். திண்டுக்கல் போன ஜீப்பின் சத்தத்தை எதிர்பார்த்து அவன் காது ரோட்டுப் பக்கமே இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது அன்னக்கொடி வாசலில் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. விஷயத்தைச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக் காசிமாயனிடம் ஒரு ஆயில் இஞ்சின் இருக்கிறது. வாடகைக்கு விடுவார். அதை இன்று சாயங்காலம் சோழவந்தான் பக்கம் கொண்டுபோகப் போகிறார்கள். இப்போதே போய்க் கேட்டால் நிறுத்தி வைப்பார். விட்டுவிட்டால் இனி அது திரும்ப நாளாகும். நெல் பால் பிடிக்கிற நேரம்.

"அந்தாளு பேச்ச நான் நம்பல. நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. இன்னைக்கு இந்த மோட்டாரு ஓடுமா, ஓடாதா?"

துளசிராம் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தான். ஓடும் என்றால் வயல் காயும். ஓடாது என்றால் எதனால் என்று கேட்பார்கள். எப்படிப் பார்த்தாலும் இதற்கு இஞ்சினியராக இருந்து பதில் சொல்ல முடியாது. வேலை போய்விடுமே என்ற நினைப்பும் கூடவே வந்தது. வந்த வேகத்தில், கிடைக்காத வேலை எப்படிப் போகும் என்ற எரிச்சலும் வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. நான் இஞ்சினியர் இல்ல. கணக்கு எழுதுற வேலைக்கு இண்டர்வியூவுக்கு வந்தேன். என்னைய இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாரு. நீங்க ஆயில் இஞ்சினுக்குச் சொல்லிருங்க."

விருமாண்டி இரண்டு எட்டு முன்னால் வந்தார். துளசிராம் பின்னால் நகர்ந்ததில் முதுகு சுவரில் இடித்தது. அன்னக்கொடி தம்பியைக் கையால் தடுத்து, முதலில் காசிமாயனிடம் ஓடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். விருமாண்டி வரப்பில் ஓடினார். அத்தனை கனத்த ஆள் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நினைக்க முடியாது.

அன்னக்கொடி இவன் பக்கம் திரும்பினார்.

"இத அந்தாளு நிக்கிறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். இதுவும் இண்டர்வியூ என்று நினைத்தேன் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவர், சோறு இருக்கிறது, தின்றுவிட்டுப் போ என்று சொன்னார். அன்பாகச் சொல்லவில்லை, ஒரு வேலையை முடிப்பதுபோல் சொன்னார். துளசிராம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

ஆயில் இஞ்சின் கிடைத்துவிட்டது. அதை வண்டியில் ஏற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு விருமாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு, மோட்டாருக்குக் கொடுத்த கேரண்டி அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"வாங்க தம்பி, போவம். உங்க மேனேஜர நானும் இண்டர்வியூ பண்ணணும்" என்றார்.

மதுரை பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தார்கள். துளசிராமின் டிக்கெட்டை அவரே எடுத்தார். வழியில் ஒரே ஒரு தடவை, அந்த ஆள் திண்டுக்கல்லுக்குத்தான் போயிருப்பானா என்று கேட்டார்.  சந்துக்குள் திரும்பியபோது ஜீப் கடை வாசலில் நின்றது. துளசிராம் பானட்டைத் தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை. வந்து எவ்வளவோ நேரமாகியிருக்க வேண்டும்.

உள்ளே கரண்ட் வந்திருந்தது. மேனேஜர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, மோட்டார் வாங்க வந்த இருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்து அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை என்பதுதான் துளசிராமுக்கு வியப்பாக இருந்தது. வாங்க வாங்க, உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுந்தார். விருமாண்டியிடம் துளசிராமைக் காட்டி, இவருதான் நம்ம புது அக்கவுண்டண்ட், உங்க குறையை இவர் எழுதிக்கொள்வார் என்றார்.

"மத்தியானம் இஞ்சினியரு. இப்ப அக்கவுண்டண்டா?" என்றார் விருமாண்டி.

ரெண்டும் படிச்சவரு என்று மேனேஜர் சொன்னார். பிறகு துளசிராமின் கையைப் பிடித்து, வரிசையாக நிறுத்தியிருந்த மோட்டார்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"வேல உங்களுக்குத்தான். நாளைக்கே வந்து சேருங்க. இப்ப இந்தாளச் சமாளிச்சு அனுப்புங்க. மோட்டாரு கம்பெனிக்குப் போயிருக்கு, பத்து நாள்ல வந்துரும்னு சொல்லுங்க."

"மோட்டார் அவங்க கிணத்துலதான சார் இருக்கு?"

"அப்ப வேற எதையாச்சும் சொல்லுங்க. பி.காம். படிச்சிருக்கீங்கள்ல?"

சம்பளம் எவ்வளவு என்று துளசிராம் கேட்டான். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் என்றார். வேலைக்கான ஆர்டர் எப்போது தருவீர்கள் என்று கேட்டான். மொதல்ல அனுப்பிட்டு வாங்க என்று முதுகைத் தட்டினார்.

அந்த நாலு அடி தூரத்தை நடந்து வருவதற்குள் துளசிராம் அப்பாவை நினைத்தான். விரலிடுக்கில் போகாமல் நிற்கிற நீலத்தை நினைத்தான். வேலை கிடைத்துவிட்டது என்று இன்று ராத்திரி சொல்லலாம். பத்து நாள் என்ற ஒரு பொய்யைச் சொன்னால் போதும். நாளைக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் வந்தான். விருமாண்டிக்கு எதிரே வந்து நின்று வாயைத் திறந்தபோது காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சலிப்பெல்லாம் சேர்ந்துகொண்டது. பொய் எதுவும் நாக்குக்கு வரவில்லை.

"அண்ணே, உங்கள எதையாச்சும் சொல்லி அனுப்பிவிடச் சொல்றாரு. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

மோட்டார் வாங்க வந்த இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.  விருமாண்டி உள்ளே நகர்ந்தார். வரிசையில் இருந்த மோட்டார்களைப் பார்த்துக்கொண்டே போய், தாங்கள் வாங்கிய அதே ரகத்தில் ஒன்றின் முன் நின்றார். கேரண்டி அட்டையை எடுத்து மேசையில் போட்டார். குனிந்து மோட்டாரின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் புடிங்க தம்பி" என்றார்.

துளசிராம் பிடித்தான். ஏன் பிடித்தான் என்று யோசிக்கவில்லை. கனம் தோளைப் பிடுங்கியது. மேனேஜர் குறுக்கே வந்து, இது திருட்டு, போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்கள் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நடந்ததை எல்லாம் நானே சொல்கிறேன் என்றார் விருமாண்டி. வாங்க வந்தவர்களில் ஒருவர் மேசையிலிருந்த அட்டையை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மேனேஜரின் குரல் மாறிவிட்டது. கேரண்டியில் உள்ளதுதானே, யார் மாட்டேன் என்றது, கேட்டால் கொடுக்கப் போகிறோம் என்று சிரித்தார். மோட்டார் துடைக்கிற ஆளைக் கூப்பிட்டு, மாற்று மோட்டார் கொடுத்ததாக ஒரு சீட்டு எழுதச் சொன்னார். எரிந்ததை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று விருமாண்டி சொன்னதற்கும் தலையாட்டினார்.

துளசிராம் மோட்டாரை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேனேஜர் பக்கத்தில் வந்தார். சிரிப்பு போயிருந்தது. இப்போது 'நீங்கள்' இல்லை, 'நீ'தான்.

"உனக்கு இங்க வேல கெடையாது. கம்பெனிக்கு விசுவாசமில்லாத ஆளு நீ."

"கம்பெனியில நான் எப்ப சார் சேந்தேன்?" என்று கேட்டான் துளசிராம்.  "என்னைய நீங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதிலக்கூட நீங்க கேக்கல."

அவர் உள்ளே போய்விட்டார். ஜீப்பில் ஃபைல் வைத்த இடத்திலேயே இருந்தது. தூக்குச்சட்டி சாய்ந்து, அட்டைக்குள் குழம்பு இறங்கியிருந்தது. டிகிரி சர்டிபிகேட்டின் ஒரு மூலை மஞ்சளாக ஊறிப் போயிருந்தது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்தான். எண்ணெய்க் கறை போகவில்லை.

மோட்டாரை அவனுடைய சைக்கிள் கேரியரில் கயிற்றால் கட்டி, இருவரும் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். பஸ் மேலே ஏற்ற கண்டக்டர் ஒத்துக்கொள்ள நேரமாகியது. விருமாண்டி பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் துளசிராமின் கையைப் பிடித்தார். வேற நல்ல எடமாப் பாருங்க தம்பி, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் கனத்தில் சைக்கிளின் பின் டயர் காற்று இறங்கிவிட்டிருந்தது. துளசிராம் வில்லாபுரம் வரை தள்ளிக்கொண்டே நடந்தான்.

வீட்டில் அம்மா சாரதாம்பாள் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்துத் திகைத்தாள். அப்பா அதையெல்லாம் கேட்கவில்லை. வேலை உண்டா இல்லையா, அதை மட்டும் சொல் என்று சௌராஷ்டிர பாஷையில் கேட்டார். இல்லை என்றான். என்ன கேள்வி கேட்டார்கள் என்றார். துளசிராம் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்ல அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நாளைக்கு வேலையில் இருந்திருப்பாய் என்றார். சொன்னதும் அவருக்கே அது சரியாகப் படவில்லை போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு, அந்த மேனேஜர் திரும்பவும் கூப்பிட்டு அனுப்பினால் போவாயா என்று கேட்டார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் துளசிராம் வாயெடுத்தான். அந்தச் சொல் வரவில்லை. வராததில் அவனுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. சம்பளம் என்னவென்று முதலில் கேட்டுவிட்டுப் போவேன் என்று சொல்லிவிட்டு, கை கழுவக் கொல்லைப் பக்கம் போனான்.